குமிழி வைத்தியம்

"உங்க குமிழி வைத்தியத்தைத் தூக்கிக் குப்பைல போடுங்க டாக்டர்! என் தம்பி ஈரல்ல கட்டி இன்னும் பெருசாகியிருக்கு!"

ஸ்கேன் படத்தை மேஜைமேல் ஓங்கி அடித்தாள் ஸ்லாவிட்சா. டாக்டர் மியோத்ராகின் காப்பிக் கோப்பை துள்ளியது. நோவி சாத் நகரின் அந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவள் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவள் வரும் வழியில் ஒதுங்கி நிற்பார்கள்.

"எனக்கும்தான் புரியலை சிஸ்டர். பெல்கிரேட் ஆஸ்பத்திரிலயும் இதே மருந்துதான். அங்க கட்டி சுருங்குது."

"அப்ப இங்க யாரோ சொதப்புறாங்க. யாரு? கீழ லேப்ல காதுல பாட்டை மாட்டிக்கிட்டு மருந்து கலக்குதே, அந்தப் புள்ளைங்களா? இல்ல, காலாவதி சரக்கை எங்க தலைல கட்டுறீங்களா?"

"சத்தியமா இல்லை. மருந்தைப் பரிசோதிச்சாச்சு. அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கழட்டி மாட்டியாச்சு."

"என்னமா பேசுனீங்க அன்னிக்கு! கண்ணுக்கே தெரியாத குமிழி, அதுமேல ஜீனை ஒட்டி ரத்தத்துல விடுவோம், கட்டிகிட்ட வந்ததும் அல்ட்ராசவுண்ட் வெச்சு உடைப்போம், ஜீன் உள்ள பூந்து, 'திருடன் இங்க இருக்கான்'னு உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கூப்பிடும்னு. எங்க கூப்பிட்டுச்சு? எல்லாம் வாய்ப்பந்தல்!"

இன்றைய ஊசிக்கும் கட்டி மசியவில்லை என்றால் அவள் தம்பி ரதோஷை இந்தச் சோதனைச் சிகிச்சையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவனுக்குக் கொடுக்க வேறு மருந்தும் மிச்சமில்லை. இருவருக்கும் அது தெரியும்.

"வாங்க சிஸ்டர், இன்னிக்கு நானே கூட இருக்கேன். யார் தப்பு பண்ணினாலும் பிடிச்சிடலாம்."

"பிடிங்க. பிடிச்சு என்கிட்ட விடுங்க. உரிச்சு உப்பு தடவிடுறேன்."

கட்டிலில் ரதோஷ் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். டான்யூப் நதியில் சரக்குப் படகு ஓட்டிய ஆள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தான்.

"டாக்டரைத் திட்டி முடிச்சிட்டியா அக்கா? மனுஷன் மூஞ்சி என் மூஞ்சியைவிட வெளுத்துப் போயிருக்கு."

"நீ வாயை மூடிக்கிட்டுப் படுடா."

அவன் சிரித்ததற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம்தான் வந்தது. லேப் பெண் கொண்டுவந்த சிரிஞ்சை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, கையாலேயே அவளை வெளியே விரட்டினாள். தம்பிக்கு ஊசி போட வேறு யாரையும் அவள் விட்டதே இல்லை.

"பாருங்க டாக்டர், மருந்தைக் குலுக்கித் தள்ளிக் கொண்டாந்திருக்கா. பால் மாதிரி கலங்கிக் கிடக்கு!"

மெஷின் திரையில் கண்ணாக இருந்த மியோத்ராக் வெறுமனே 'உம்' கொட்டினார். அவள் சிரிஞ்சை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள். ஜன்னலைச் சாத்தினாள். நரம்பைத் தடவித் தேடினாள். பிறகு சாவகாசமாகச் சிரிஞ்சை எடுத்துச் சுண்டி, மேலே ஒதுங்கியிருந்த வெள்ளை நுரை முழுவதையும் ஒரு பஞ்சில் தள்ளினாள்.

"சிஸ்டர்!" திரும்பிய மியோத்ராக் அலறினார். "என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேனா? நுரையோட ஊசி போட நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா? ஒவ்வொரு தடவையும் இந்தக் கண்றாவியை நான் வெளிய தள்ளிட்டுத்தான் போடுறேன். இல்லேன்னா உங்க புள்ளைங்க நரம்புல காத்தை ஏத்தி என் தம்பியை என்னிக்கோ கொன்னிருப்பாங்க!"

மியோத்ராக் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத குமிழி கோடிக்கணக்குல ஒண்ணா மேல மிதந்தா... நுரையாத்தான் தெரியும் சிஸ்டர்."

ஸ்லாவிட்சா கையைப் பார்த்தாள். மருந்து பஞ்சில் ஊறிக் கிடந்தது. இத்தனை வாரமும் தம்பியின் நரம்பில் அவள் பார்த்துப் பார்த்து ஏற்றியது வெறும் தண்ணீர்.