வக்கீல் இல்லாத வழக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கோர்ட்டு என்றால்கூடப் பயம் விட்டுப்போயிற்று. விழுப்புரம் கோர்ட்டில், கறகறவென்று சுற்றும் மின்விசிறிக்குக் கீழே, காணை கிராமத்து அம்சா ஜட்ஜுக்கு நேராக நிற்கிறாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த காலில் கரும்புக்கொல்லைச் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. ஜன்னல் வெயிலும் அந்தக் காலில்தான் விழுகிறது. “உங்க வக்கீல் யாரும்மா?” என்கிறார் ஜட்ஜ். “யாரும் இல்லீங்க, நானேதான் பேசப் போறேங்க. வெட்டின கரும்பு கொல்லையிலயே காயுதுங்க. வண்டி போற வழியில பக்கத்துக் கொல்லைக்காரரு, இதோ நிக்கிறாரே, இவுரு வேலி போட்டுக்கினு உக்காந்திருக்காருங்க.” வளையல் குலுங்க, கையாலேயே காற்றில் அந்த வழியை வளைத்துக் காட்டுகிறாள். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு அந்தக் கையையே பார்க்கிறார். “ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்” என்கிறார். பின் பெஞ்சில் என் முறைக்குக் காத்திருக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் கிணற்று வழியையும்தான் பங்காளி அடைத்துவிட்டான். மோட்டார் போடப் போக முடியாமல் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கருகுகிறது. இத்தனை வருஷத்தில் எந்த ஜட்ஜும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. “முருகையன்! முருகையன்! முருகையன்!” என்று டவாலி கூவுகிறார். தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்திருக்கிறேன். கிணறு, வழி, மல்லாட்டை எல்லாம் தொண்டைவரை வந்து நிற்கிறது. “சொல்லுங்க பெரியவரே” என்கிறார் ஜட்ஜ். “வக்கீல் திண்டிவனத்திலேர்ந்து வந்துக்கினே இருக்காருங்க” என்கிறது என் வாய், ஒவ்வொரு முறையும் சொல்லிப் பழகிய அதே பேச்சை. மறுபடியும் வாய்தா. வாசலில் அம்சா செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். “நீங்களே சொல்லியிருக்கலாமே, பெரியப்பா? உங்க கிணறு உங்களுக்குத் தெரியாதா?” “உனக்கு நேரம் நல்லா இருக்கு, நடக்குது. போம்மா” என்கிறேன். வக்கீல் இல்லாமல் வழி கிடைத்துவிடுமாம். கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கிறேன்.