பதினேழாவது எலி

புது மருந்தைக் கண்டுபிடித்த மாணவரே முதல் நோயாளியின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார வேண்டும் என்பது அந்த மருந்தியல் படிப்பின் விதி. அதுவரை எலிகளோடு மட்டுமே பழகிய ஜெசிந்தா, முதல் ஊசி போட்டுக்கொண்ட பேச்சிமுத்துவின் கட்டிலருகே படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“நீ கண்டுபிடிச்ச மருந்தாம்லா, தாயி?” என்று அவர் பெருமையாகக் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். மூக்கிலிருந்து காதுவரை, மறுபடியும் மறுபடியும். ஆய்வுக்கூடத்தில் அவள் இதே மருந்து போட்ட நாற்பது எலிகளில் பதினேழாவது எலி இப்படித்தான் ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தது. எலி என்றால் முகம் கழுவத்தானே செய்யும் என்று நினைத்து, அன்று ‘இயல்பு’ என எழுதியிருந்தாள். அன்று சாயங்காலமே அது செத்துக் கிடந்தபோது, ‘கூண்டில் சண்டை’ என்று எழுதியிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, வேர்க்குதா?”

“இல்லியே. ஏசி குளுருதுல்லா.”

“அப்போ ஏன் மூஞ்சியத் தொடைக்கீங்க?”

அவர் விழித்தார். “நானா? நான் எங்க தாயி தொடைக்கேன்?”

படிவம் கீழே விழுந்தது. “டாக்டர்!” என்று கத்திக்கொண்டே அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். அவர் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தார். அவள் பிடிக்குள் அந்தக் கைகள் காதை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தன.