காலிமனையில் நீலப் பூ

"வண்டியை ஏத்தறதா இருந்தா என் மேல ஏத்து!"

கழுத்தில் அளவு நாடா தொங்க, தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார் தையல்காரர். எதிரே மண் வாரும் இயந்திரம் உறுமியது. அவர் காலடியில் சட்டைப் பொத்தான் அளவில் நீலப் பூக்கள்.

"ஏண்ணே, ஒரு களைக்கா இந்த ஆட்டம்?" தலையில் அடித்துக்கொண்டார் ஒப்பந்தக்காரர்.

"களையா? அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச காட்டுப் பூய்யா! தானா முளைச்சிருக்கு. அதிகாரி வர்றாங்க, அதுவரைக்கும் நகர மாட்டேன்."

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வீட்டுத் தொட்டியில ஒண்ணு முளைக்க வெக்கத் துப்பில்ல. ஊரான் மனைக்குக் காவல்!"

அது அவருக்கு ஆறாத புண். போன வருஷம் காட்டு விதை, நாட்டு விதை என்று என்னென்னவோ வாங்கி, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தார். ஒரு துளிர் தலைகாட்டவில்லை. இப்போது அதே தொட்டிகளில் மனைவியின் கீரை கொழிக்கிறது.

தாவரத் துறை அதிகாரி வந்ததும் மண்டியிட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"அசல் காட்டுப் பூதான் சார். ஆனா, இங்க யாராவது வெளி மண் கொட்டியிருக்காங்களா? கொட்டியிருந்தா இது தானா வந்த செடின்னு எழுத முடியாது. மனையையும் காப்பாத்த முடியாது."

ஒப்பந்தக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒரு கைப்பிடி மண் விழுந்திருந்தா என் மீசையை எடுத்துடறேன் மேடம்! நாள் முழுக்க ஜன்னலோரம் மிஷின்லதானே உட்காந்திருக்கேன். என் வீட்டுக்காரியையே கேளுங்க. அவளுக்குப் பொய் சொல்லவே வராது."

மனைவி வெளியே வந்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள்; புருஷனைப் பார்த்தாள்.

"கைப்பிடி மண்ணா? சத்தியமா இல்லீங்க."

இயந்திரம் பின்வாங்கியது. வேலி போட உத்தரவாயிற்று. தையல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

"பாத்தியா? எவனும் தொடாம, தானா வந்தது! இயற்கையோட மகிமைடி!"

"மகிமை கெடக்கட்டும். நீங்க நூல் வாங்கப் போன அன்னிக்கு, முளைக்காத உங்க பன்னெண்டு தொட்டி மண்ணையும் அங்கதான் கவுத்தேன்" என்றவள், மேஜையிலிருந்த கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினாள். "மீசையை நீங்களே எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?"