பேண்டேஜ் அவசரம்

ராஜபாளையம் மருந்துக்கடைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள் ஹபீபுன்னிசா.

“சமுத்திரம் அண்ணே, பேண்டேஜ் துணி எம்புட்டு இருந்தாலும் எடுங்க! எம் மக சப்ரீனுக்கு உச்சந்தலையிலேருந்து கால் வரைக்கும் சுத்தணும்.”

கடைக்காரர் பதறினார். “மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம்மா!”

“ஆஸ்பத்திரி எதுக்கு? அவதான் செத்துட்டாளே!”

“வாயக் கழுவும்மா!”

“செத்து மூவாயிரம் வருஷமாச்சுண்ணே! இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நாடகப் போட்டியில அவதான் எகிப்து மகாராணி மம்மி. இம்புட்டு வருஷமா திரை இழுக்கத்தான் விட்டாங்க. துணி இல்லன்னா இந்த வேசமும் கைய விட்டுப் போயிரும்.”

சமுத்திரத்துக்கு மூச்சு வந்தது. “பாப்பா வசனமெல்லாம் பேசிருமா?”

“வசனமே கிடையாதுண்ணே. சிரிக்காம படுத்துக் கிடந்தாப் போதும்.”

கடை வாசலில் நின்ற மகாராணி அப்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.