இரண்டாவது டிஸ்க்

"இருக்கறதிலேயே நம்பகமான டிஸ்க் எது? அதை எடுங்க!"

என் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார் வீடியோக்காரர். பின்னாலேயே அவர் மச்சான். தலையாட்டுவதற்கென்றே கூட்டி வந்திருப்பார் போல.

போன மாதம் இவருடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று மண்டையைப் போட்டது. அதோடு ஒரு கல்யாண வீடியோவும் போயிற்று. பெண்ணின் அப்பா ஸ்டூடியோ வாசலில் நின்று கத்தியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

பதினாறு டிபி டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"அஞ்சு வருஷ வாரன்ட்டி இருக்குல்ல?"

"இருக்கு. டிஸ்க் போனா புது டிஸ்க் தருவாங்க. கல்யாணத்தை யாரு திரும்ப நடத்தித் தர்றது? ரெண்டா வாங்குங்க. ஒண்ணு ஸ்டூடியோவில இருக்கட்டும். இன்னொண்ணை நம்பிக்கையான ஆள் வீட்டில வச்சிடுங்க. தீப்பிடிச்சாலும் திருட்டுப் போனாலும் ஒண்ணு தப்பிக்கும்."

"நம்பிக்கையான ஆளா!" என்று சீறினார். "கூடப் பிறந்த அண்ணனே, நாங்க சேர்ந்து நடத்தின பழைய ஸ்டூடியோவில என் பங்கைச் சுருட்டிட்டான். அவன் மேல போட்ட கேஸுக்கு ஆதாரம் எல்லாம் இதுலதான் ஏத்தப் போறேன். அவன் போன்ல பேசின பேச்சு உட்பட!"

"விடாதீங்க மாமா, ஒரு கை பாத்துடலாம்" என்றான் மச்சான்.

இந்த அண்ணன் புராணம் எனக்கு மனப்பாடம். ஒரு கேபிள் வாங்க வந்தாலும் அதைப் பாடிவிட்டுத்தான் போவார்.

"ரெண்டாவது டிஸ்க்கை நான் வச்சுக்கறேன் மாமா."

வீடியோக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

மச்சான் போன் பேச வெளியே போனதும் என் காதருகில் குனிந்தார்.

"இவன்கிட்ட கொடுத்தா எல்லாத்தையும் அழிச்சுட்டு சினிமா ஏத்திடுவான்."

"கேஸ் போடச் சொன்னாரே, உங்க சிநேகிதர்?"

"ஐயோ, அவனா? ஊரையே கூட்டி வச்சுப் படம் காட்டுவான்."

"உங்க அசிஸ்டென்ட்?"

"அவன் தனிக்கடை போட நேரம் பாத்துட்டிருக்கான்."

நல்ல கூத்து! அண்ணனோடு மோதச் சொல்லி முறுக்கேற்றிவிட்டது அத்தனையும் இந்தக் கூட்டம்தான். அதில் ஒரு டிஸ்க்கை நம்பிக் கொடுக்க ஒருத்தர் தேறவில்லை. அவர் இரண்டு டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு யோசனையோடு போனார்.

அடுத்த வாரம் அவருடைய அண்ணனே கடைக்கு வந்தார். இவர் என்ன வழக்கோடு வந்திருக்கிறாரோ என்று பார்த்தேன். பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜையில் மெதுவாக வைத்தார்.

"இதை அதிராம வைக்க ஒரு பெட்டி வேணும். உள்ளே பஞ்சு வச்சது."

"இது உங்க தம்பி வாங்கினதாச்சே!"

"அவன் கொடுத்ததுதான். வாசல்லயே நின்னான். வாடான்னேன், உள்ளே வரலை. 'இது உங்ககிட்ட இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்'னு கையில திணிச்சுட்டுப் போயிட்டான்."

"கோர்ட்டில உங்களை மோசக்காரர்னு சொல்றவரு!"

"அது கோர்ட்டில."

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? அவனே சொன்னான். கல்யாண வீடியோ எல்லாம் இருக்கு. என் மேல போட்ட கேஸுக்கு ஆதாரமும் இருக்கு."

நான் கொடுத்த பெட்டியின் மூடியை அழுத்திப் பார்த்தார். திருப்தியில்லாமல் திருப்பித் தந்தார். "அவனுக்கு வேண்டியதுப்பா. இதைவிடக் கெட்டியான பெட்டி இருந்தா எடு."