ரெஜினா வீட்டுக் கதவு

"உங்கள எது பத்திரமா வச்சிருக்குதோ, அத மூணு நாளைக்கு மட்டும் குடுங்க" என்று தெருக் கலைவிழாவில் காட்சிக்கு வைப்பதற்காக, விழாவை நடத்தும் ஜெனிட்டா வீடு வீடாகக் கேட்டு வந்தாள். பூட்டு கொடுத்தார்கள், நாய்ச்சங்கிலி கொடுத்தார்கள், ஒருவர் அரிவாள்கூடக் கொடுத்தார். ரெஜினா தன் வீட்டு வாசல் கதவையே கழற்றிக் கொடுத்தாள். மாற்றாக ஜெனிட்டா ஒரு தகரக் கதவை மாட்டிவிட்டுப் போனாள்.

ரெஜினாவின் கணவர் சூசை இறந்த பிறகு, இந்த மூன்று வருடமாக, அவள் கழற்றிக் கொடுத்த அந்தக் கதவுதான் அவர் குரலில் பேசியது. யார் தட்டினாலும் உள்ளே ஓர் ஆண் இருப்பதுபோல அதட்டும். அந்தத் தைரியத்தில் ரெஜினா தனியாக இருந்தாள். சாமான்கள் வாசலுக்கே வந்துவிடும். அவள் எங்கும் போனதில்லை.

விழாவன்று, தன் கதவைப் பார்க்க முதன்முறையாகத் தெருவில் இறங்கினாள். தூத்துக்குடியின் பழைய உப்புக் கிடங்கில், வெறும் தரையின் நடுவே, சுவர் எதுவும் இல்லாமல் கதவு மட்டும் நின்றது. சும்மாதான் தட்டிப் பார்த்தாள்.

"யாரு?" என்றது சூசையின் குரல்.

"நாந்தான், ரெஜினா."

"ரெஜினா வெளிய போறவ இல்லையே. நீ யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. அது அவளுடைய குரல்.

"யாருங்க வந்திருக்கா?"

"யாரோ பொம்பள. ஏட்டி, நீ உள்ளயே இரு."