வாலண்டியர் கொடி

முதல் ஆலங்கட்டி ஆர்விட்டின் காதை உரசிக்கொண்டு போய் மண்ணில் புதைந்தது.

அவன் நிற்கவில்லை. வெள்ளைத் துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திகளை நோக்கி ஓடினான்.

மறுமுனையைப் பிடிக்க டார்லா தயாராக நின்றாள். அறுபது வயது, பண்ணைக்குச் சொந்தக்காரி. கணவர் வெஸ் டவுனில். சனிக்கிழமைச் சந்தைக்குப் போகவேண்டிய லெட்டூஸ் மொத்தமும் திறந்து கிடந்தது.

இருவருமாகத் துணியை இழுத்து விரித்தார்கள். ஓரங்களில் மண் மூட்டைகளை வைத்து அழுத்தினார்கள். கடைசிப் பாத்தி மூடியதும் டார்லா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஆர்விட் எதிர்ப்பக்கம் ஓடினான்.

மக்குக் குப்பை மேட்டில் ஒற்றைப் பரங்கிக்கொடி. அதில் ஒரே ஒரு பிஞ்சு. ஒரு மரப்பெட்டியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தான்.

"ஏம்ப்பா, கிறுக்கா உனக்கு? அது வெறும் வாலண்டியர்."

யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற செடிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். கூலி வாங்காமல், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பண்ணையில் உழைக்க வருகிறவர்களுக்கும் அதே பெயர். மேட்டில் ஒரு வாலண்டியர், மாடியறையில் ஒரு வாலண்டியர், ரெண்டுக்கும் தண்ணி ஊத்துறதே என் பொழப்பாப் போச்சு என்று ஆர்விட்டை டார்லா கேலி செய்வாள்.

நாளைக் காலை அவனுக்கு பஸ். வந்த விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? டார்லாவும் வெஸ்ஸும் இந்த இடத்தை ஏலத்தில் எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் இது இன்னும் ஓஸ்ட்பி பண்ணைதான். பழைய சொந்தக்காரரின் பெயர். அதைக் கேட்டாலே டார்லாவுக்கு முகம் சுருங்கிவிடும். சொன்னால் இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லலாம். சொல்லாமல் போய்விட்டால், இன்னொரு தடவை வர அவனுக்குத் தைரியம் வராது.

கட்டிகள் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டன. ஒன்று டார்லாவின் தோளில் விழுந்தது. அவள் தடுமாறினாள். வீடோ தூரத்தில்.

ஆர்விட் யோசிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு களஞ்சியத்தின் பின்னால் ஓடினான். காட்டுத் திராட்சைக் கொடியை ஒரே இழுப்பில் விலக்கினான். உள்ளே சாய்வாக ஒரு மரக்கதவு. திறந்து இறங்கினார்கள்.

"தலை," என்றான், இருட்டில் குனிந்துகொண்டே.

டார்லா குனிவதற்குள் உத்தரம் அவள் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டது.

தலைக்கு மேலே மூடிய கதவை ஆலங்கட்டி அடி அடியென்று அடித்தது. அப்போதுதான் ஆர்விட்டுக்கு உறைத்தது. கொடி மூடிப்போன இந்த நிலவறையை அவனுக்கு யாரும் காட்டவே இல்லை.

டார்லா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பரங்கிக்கொடியைப் பற்றிப் பேசினாள். வருஷா வருஷம் அதே மேட்டில் முளைக்குமாம். வெஸ் பிடுங்கச் சொன்னாலும் இவள் கை வைப்பதில்லையாம்.

"நாங்க போட்ட விதையே இல்ல. ஆனா, தன் இடம்னு அது பாட்டுக்கு வந்து நிக்குது. எப்படிப் பிடுங்குறது?"

அது ஆர்விட்டின் அம்மா போட்ட விதை.

காய் முத்த அக்டோபர் ஆகும், அதுவரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், பஸ்ஸெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றாள் டார்லா.

"அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், டார்லா."

"வேணாம், ஓஸ்ட்பி."

அந்தப் பெயரை அவன் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. இந்த நிலவறையை வைத்துத்தானே கண்டுபிடித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

இருட்டில் அவள் சிரிப்பது கேட்டது.

"வந்த அன்னிக்கே சமையலறைக் கதவ லேசாத் தூக்கித் தள்ளித் திறந்தியேப்பா. மத்த எல்லாருக்கும் அத நான்தான் சொல்லிக்கொடுக்கணும்."